ஒண்ணும் பண்ணாது

நைனா,

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் உனக்கு மட்டும் அல்ல. எழுதி முடித்ததும் இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். உன் பெரியப்பா, இரண்டு அத்தைகள், பெங்களூர் சித்தி, விடிந்தால் ரோஜாப்பூ படம் மட்டும் அனுப்புகிற உன் மாமா, எல்லாரும் படிக்கட்டும். போன வருஷம் என் கால் விரலை எடுத்தபோது இவர்கள் உன்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். "லேப்ல வேலை பாக்குறானாம், பெத்தவ காலுக்கு ஒரு மருந்து கொண்டாந்து வெக்கத் துப்பில்ல" என்று உன் பெரிய அத்தை ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே சத்தமாகச் சொன்னாள். நீ தலையைக் குனிந்துகொண்டு மாத்திரைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாய். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கும் உன்மேல் கோபம். இப்போது இல்லை. எல்லார் முன்னாலும் விழுந்த பேச்சுக்கு எல்லார் முன்னாலும்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இப்படிச் செய்கிறேன்.

நேரில் சொல்லக்கூடாதா என்பாய். நீ எங்கேடா நிற்கிறாய்? நான் "செத்த உக்காரு" என்றதும் பைக் சாவியைத் தேட ஆரம்பிக்கிறாய். சாவி உன் கையிலேயே இருக்கிறது, அப்போதும் தேடுகிறாய். போன வாரம் உங்கப்பாதான் விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டில், பனி கொட்டுகிற ஊரில், மனித செல், கார்பன் என்று லேபில் நீ செய்கிற இதே ஆராய்ச்சியைத் தொடர உனக்கு இடம் கொடுத்திருக்கிறார்களாம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நீ பதில் போடவில்லையாம். "செல்லும் வேணாம், கார்பனும் வேணாம்ப்பா. ஓ.எம்.ஆர்ல ஒரு கம்பெனில கூப்புட்றாங்க, போயிடறேன்" என்றாயாம். உங்கப்பா முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனிதர், யார் எந்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும் அவருக்கு. "வழியிலயே எறங்கப் பாக்குறான்மே, நீ இன்னான்னு கேளு" என்றார். அதனால்தான் விற்பனைக்கு இட்லி மாவு பாக்கெட் போடுகிற வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கப்பா உன்னிடம், "அப்படி இன்னாதான்டா பண்றீங்க அங்க?" என்று கேட்டார், ஞாபகம் இருக்கிறதா? காலண்டர் ஆணியில் சொருகி வைத்திருந்த பென்சிலை எடுத்து, கிழித்த தேதித் தாளின் பின்பக்கம் கன்னங்கரேலென்று கிறுக்கினாய். அதன்மேல் செலோடேப் ஒட்டி உரித்தாய். டேப்பில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த டேப்பின் மேல் இன்னொரு டேப், அதன் மேல் இன்னொன்று என்று ஒட்டி ஒட்டி உரித்துக்கொண்டே போனாய். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் புகை மாதிரி ஆகி, கடைசி டேப்பில் ஒன்றுமே இல்லை. "இதுலயும் கீதும்மா. உன் கண்ணுக்குத் தெரியல. இப்படியே உரிச்சிக்கினே போனா ஒரே ஒரு அணு கனத்துக்கு ஒரு கார்பன் ஷீட் வரும். அதுக்குக் கீழ மெலிசு பண்ண முடியாது, அதுக்கு மேல உரிச்சா பொருளே இல்ல. அதான் கிராஃபீன்" என்றாய். "கண்ணுக்குத் தெரியாததுக்கா சம்பளம் குடுக்குறான்?" என்று நான் கேட்டேன். உங்கப்பா, "காத்துக்கு டிக்கெட் கிழிக்கிறான் உம் புள்ள" என்றார். சிரித்தோம். ஆனால் அன்றைக்கு நீ சாப்பிட்டுப் போன பிறகு அந்தப் பென்சிலை எடுத்து நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பிலிருந்து அதைப் பிடித்து எழுதியிருக்கிறேன், கூர் உடைந்தால் திட்டியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு பொருள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த ஷீட் இரும்பைவிட உறுதி, மின்சாரம் கடத்தும், துணி மாதிரி வளையும் என்று நீ சொல்லச் சொல்ல எனக்கு வாய் பிளந்துவிட்டது. அதனால் உலகத்தில் எல்லாரும் அதை மனித உடம்புக்குள் வைக்க ஆசைப்படுகிறார்கள் என்றாய். நரம்புக்கு வயராக, இதயத்துக்கு ஒட்டாக, புண்ணுக்குக் கட்டாக. ஆசைப்படுகிறவர்கள் அத்தனை பேர் இருக்க, உனக்கு வந்து சேர்ந்தது என்ன வேலை? "மனுஷ செல்லுமேல இது பட்டா இன்னா ஆகும்?" என்று ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்கிற வேலை. கல்யாண வீட்டில் எல்லாரும் பந்திக்கு ஓடும்போது சமையற்கட்டுக்குள் போய் எண்ணெயை முகர்ந்து பார்க்கிறவனை யாருக்குப் பிடிக்கும்?

எனக்கே பிடிக்கவில்லை. நம் வீட்டு பாஷை உனக்குத் தெரியும். நேற்றைய சாம்பாரா, ஒண்ணும் பண்ணாது, சுட வைத்துச் சாப்பிடு. தரையில் விழுந்த முறுக்கா, ஊதிட்டுத் தின்னு, ஒண்ணும் பண்ணாது. மாவு புளித்துவிட்டதா, ஒண்ணும் பண்ணாது, ஊத்தப்பமா ஊத்து. தேதி தாண்டின மாத்திரைக்குக்கூட அதையேதான் சொல்லியிருக்கிறேன். மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரைக்கும் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்த ஒரு வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லாத அம்மா கிடைக்க மாட்டாள். அதே வாயால் உன்னைக் கேட்டேன்: "அந்தக் கார்பன் ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாது இல்ல?" ஆமாம் அல்லது இல்லை என்று முடித்திருக்கலாம். நீயோ, "எதும்மா? விரிச்ச ஷீட்டா, மிதக்குற தூளா? எவ்ளோ? எப்படிக் கழுவினது? எந்த செல்லு? எத்தன நாள்?" என்று ஆரம்பித்தாய். ஒரு கேள்வி கேட்டால் ஐந்து கேள்வி திருப்பிக் கேட்கிறவன் வக்கீலுக்குப் படித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். நீ விடாமல் அடுப்படிக்கு வந்து சொன்னாய். விரித்துப் போட்ட ஷீட்டின்மேல் செல் சுகமாக உட்காரும், அதையே உடைத்து மிதக்க விட்டால் ஓரம் பிளேடு மாதிரி செல்லின் மேல்தோலைக் கிழிக்கலாம், இன்னும் பொடியாக்கினால் செல்லே அதை விழுங்கிவிடும், செய்யும்போது சேர்த்த அமிலம் சரியாகக் கழுவப்படாமல் இருந்தால் கார்பன் சும்மா இருந்தாலும் அமிலம் சும்மா இருக்காது என்று. நான் தாளித்துக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது.

அடுத்து என் கால். குழுவில் இருக்கிறவர்களுக்கு இது முழுசாகத் தெரியாது, சொல்கிறேன். போன வருஷம் பங்குனித் திருவிழா, உச்சி வெயில். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு கோயில் மாட வீதிக்குப் போனேன், வருஷா வருஷம் போகிற மாதிரி. தார் ரோடு கொதித்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக் குதித்தார்கள், மோர்ப் பந்தல் நிழலுக்கு ஓடினார்கள். எனக்குச் சுடவில்லை. சத்தியமாகச் சுடவில்லை. சாமி வருகிறவரைக்கும் நட்ட நடு ரோட்டில் கைகூப்பி நின்றேன். ஒரு அம்மாள், "உங்களுக்குச் சுடலையா?" என்று கேட்டாள். "இல்லைங்க" என்று சொல்லும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை பேரில் என் காலை மட்டும் அவன் தாங்கிப் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் நீ வந்து என் காலைத் தூக்கிப் பார்த்தாய். அடிப்பாதம் முழுக்கக் கொப்புளம், கட்டை விரலுக்குக் கீழே தோல் வெந்து கழன்றிருந்தது. நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். "ம்மா, சாமி தாங்கலம்மா. சக்கரையால நரம்பு போயிடுச்சு. சூடு உனக்குத் தெரியவே இல்ல" என்றாய். "வாயக் கழுவுடா" என்று கத்திவிட்டு மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டேன். ஒண்ணும் பண்ணாது என்றும் சொன்னேன்.

அது பண்ணியது. ஆறவே இல்லை. ஊசி, கட்டு, மறுபடி ஊசி. கட்டை விரல் நிறம் மாறத் தொடங்கியது. அந்தச் சமயத்தில்தான் உங்கள் லேபில் சர்க்கரைப் புண்ணுக்கென்று பிளாஸ்திரி மாதிரி ஒரு ஒட்டு தயாராகிக்கொண்டிருந்தது, கிராஃபீன் வகை ஒன்றை ஜெல்லில் கலந்து. உன்னோடு வேலை பார்க்கிற நஸ்ரீனிடம் நீ போனில் பேசியது என் காதில் விழுந்தது. "எல்லா செல்லும் உயிரோட கீது, ரிசல்ட் சூப்பரா வந்திருக்கு" என்றாய். எனக்கு உயிர் திரும்பி வந்தது. இரண்டு நாள் நீயாகவே கொண்டுவருவாய் என்று காத்திருந்தேன். நீ வெறுங்கையோடு வந்தாய். மூன்றாம் நாள் உனக்குத் தோசை போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அந்த ஒட்டுல ஒரு துண்டு கொண்டாடா."

"முடியாதும்மா."

"நீதானடா சொன்ன, எல்லாம் உசுரோட கீதுன்னு."

"சொன்னேன். இப்ப அத நானே நம்பல. உயிரோட கீற செல்லு மஞ்ச சாயத்த ஊதாவா மாத்தும், அத வெச்சிதான் பாத்தோம். அப்புறம் செல்லே போடாத கிண்ணத்துல கார்பன மட்டும் போட்டுப் பாத்தேன். அதுவும் ஊதாவா மாறுதும்மா. சோதனையையே ஏமாத்துது. செத்துக் கிடந்தாலும் உசுரோட கீதுன்னு காட்டும்."

"சரி, எனக்கு வேற இன்னா வழி கீது? ஒட்டித்தான் பாப்போமே. ஒண்ணும் பண்ணாது."

நீ தட்டிலிருந்து கையை எடுத்தாய். "ஒண்ணும் பண்ணாத பொருள எதுக்கும்மா ஒட்டணும்? புண்ண ஆத்துதுன்னா ஏதோ பண்ணுதுன்னு அர்த்தம். இன்னா பண்ணுதுன்னு தெரியாம உன் கால்ல வெக்க மாட்டேன்."

அப்போது நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், அத்தைகளுக்கும் தெரியட்டும். "கிண்ணத்துல கீற ஊரான் வீட்டு செல்லுக்குக் காட்டுற அக்கறைய பெத்தவளுக்குக் காட்டுடா" என்றேன். நீ தோசையை அப்படியே வைத்துவிட்டுப் போனாய். மறுநாள் காலையில் ஆட்டோவோடு வாசலில் நின்றாய். அதற்குப் பிறகு ஒரு நாள் விடாமல் நீதான் என்னைக் கட்டு மாற்றக் கூட்டிப் போனாய், வரிசையில் நின்றாய், செருப்புப் போட்டுவிட்டாய். ஒட்டு ஒன்றைத் தவிர எல்லாம் செய்தாய். எனக்கு அந்த ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் நடந்த ஒன்றை உன்னிடம்கூட இதுவரை சொல்லவில்லை. நீ ரத்தம் பரிசோதித்த ரிசல்ட்டை வாங்கப் போயிருந்தாய். ஒரு சின்னப் பெண், டாக்டர்தான், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, எடுக்கிற விரலோட ஓரத்துல கொஞ்சம் நல்ல தோல் இருக்கும். அத ஆராய்ச்சிக்குக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா? உங்க பேர் எங்கயும் போகாது, வெறும் நம்பர்தான். வேண்டாம்னாலும் பரவால்ல, உங்க வைத்தியத்துல எந்த வித்தியாசமும் இருக்காது" என்றாள். "குப்பைக்குப் போறதுதானே, எடுத்துக்கோ கண்ணு, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். போட்டதும் மறந்துவிட்டேன். நினைத்துப் பார்க்கிற நிலைமையிலா இருந்தேன்?

போன மாதம் நஸ்ரீன் மாவு வாங்க வந்தாள். ராயப்பேட்டையிலிருந்து மந்தைவெளிக்கு யாராவது இட்லி மாவு வாங்க வருவார்களா? வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உட்கார வைத்து டீ கொடுத்தேன். டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள். "ஆன்ட்டி, அந்த ஒட்ட மறுபடி மறுபடி டெஸ்ட் பண்ணோம். சாயத்த நம்பாம, ஒவ்வொரு செல்லா பார்த்து எண்ணினோம். எது எந்தக் கிண்ணம்னு தெரியாத ஆள வெச்சும் எண்ணினோம். நீங்க கேட்டப்ப செஞ்சு வெச்சிருந்த அதே ஒட்டுதான். தோல் செல்ல அது ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி." பொய் எதற்கு, நைனா, அந்த நிமிஷம் உன்மேல் பழைய கோபம் அப்படியே திரும்பி வந்தது. அப்படியென்றால் என் விரல்? அவள் அதையும் புரிந்துகொண்டாள். "கிண்ணத்துல ஒண்ணும் பண்ணல. உங்க கால்ல இன்னா பண்ணியிருக்கும், புண்ணு ஆறியிருக்குமா ஆறியிருக்காதா, அது இன்னிக்கும் யாருக்கும் தெரியாது. இதத்தான் நானும் அவன்கிட்ட சொல்றேன். அவன் கேக்க மாட்டேங்குறான். குடுத்திருந்தா எங்கம்மா விரல் இருந்திருக்கும்னே சொல்லிக்கினு கீறான். அதான் வேலைய விடறேங்கறான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாக நீ என் காலைப் பார்த்துப் பேசுவதில்லை. நான் நடந்து வந்தால் நீ ஜன்னலைப் பார்ப்பாய். என்மேல் சலிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாவி.

நஸ்ரீன்தான் உங்கள் லேப் மேடத்திடம் அனுமதி வாங்கி என்னை அடையாறில் இருக்கிற லேபுக்குக் கூட்டிப் போனாள். நீ ஓ.எம்.ஆரில் இன்டர்வியூவுக்குப் போன அன்றைக்கு. லேப் வாசலில் நான் பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனேன். அவள் பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். "ஐயோ கழட்டாதீங்க ஆன்ட்டி, இங்க வெறுங்காலோட வரவே கூடாது!" செருப்போடு உள்ளே போகச் சொல்லுகிற ஒரு சன்னிதி இருக்கிறதே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு போனேன். ரோஸ்மில்க் நிறத்தில் தண்ணீர் ஊற்றின சின்னச் சின்னக் கிண்ணங்கள், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிற பெட்டி. அந்தத் தண்ணீர்தான் செல்லுக்குச் சாப்பாடு என்றாள். ஒரு கிண்ணத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். "அடியில கண்ணாடி, கண்ணாடி மேல ஒரே ஒரு அணு கனத்துக்கு கிராஃபீன், அதுக்கு மேல செல்லு. பாருங்க." குனிந்து பார்த்தேன். முதலில் என் கண்ணிமை முடிதான் தெரிந்தது. அவள் எதையோ திருகினாள்.

அப்பப்பா! என்னடா அது! வெளிச்சமான ஒரு தரைமேல் நீள நீளமாக உயிர்கள். ஒவ்வொன்றும் முன்னால் ஒரு காலையும் பின்னால் ஒரு காலையும் நீட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு முட்டைப் புள்ளி. "இதுங்க அசையுமா?" என்று கேட்டேன். "நம்ம கண்ணுக்குத் தெரியாத மெதுவா" என்று சொல்லி, ராத்திரி முழுக்கப் படம் பிடித்து வேகமாக ஓட்டியதை கம்ப்யூட்டரில் காட்டினாள். ஒரு செல் காலை நீட்டுகிறது, தரையைத் தொட்டுப் பார்க்கிறது, பிடிக்காமல் இழுத்துக்கொள்கிறது, வேறு பக்கம் நீட்டுகிறது, அப்புறம் உடம்பை மெல்ல இழுத்துக்கொண்டு நகர்கிறது. அடுத்தது உருண்டு திரண்டு பந்தாகி, நடுவில் ஒரு இடுப்பு விழுந்து, இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நடந்தது. நான் உன்னைப் பெற்றவள், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அவற்றின் காலுக்குக் கீழே இருக்கிற தரை ஒரே ஒரு அணு கனம். அதற்குக் கீழே மெலிசு இந்த உலகத்திலேயே கிடையாது என்று நீ சொன்ன தரை. அதை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அந்தத் தரை தாங்குகிறது என்பதை அதன்மேல் நடக்கிற காலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். சாமி வரும்போது மாட வீதியில் நின்றிருந்தேனே, அந்த மாதிரி கை தானாகக் கூப்பிக்கொண்டது. நஸ்ரீன் சிரிக்கவில்லை.

"யாரோடதும்மா இது?" என்று கேட்டேன்.

"தெரியாது ஆன்ட்டி. சக்கரை கீற யாரோ ஒருத்தரோட கால் தோலு. ஆஸ்பத்திரிலேர்ந்து நம்பர் மட்டும்தான் வரும். பேரு எங்களுக்குத் தெரியவே கூடாது."

ஆபரேஷனுக்கு முன்னால் நான் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னாலும் அவளால் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த ஊரில் சர்க்கரைக் கால்களுக்கா பஞ்சம்? அது யாருடைய விரலாகவும் இருக்கலாம். என்னுடையதாகவும் இருக்கலாம். குப்பைக்குப் போய்விட்டது என்று நான் அழுதுகொண்டிருந்த விரல், என் பிள்ளை விரித்த தரையில் காலை நீட்டி நடந்துகொண்டிருக்கலாம். "ஊரான் வீட்டு செல்லு" என்று அன்றைக்குச் சொன்னேனே நைனா, அந்த வார்த்தையை எங்கே போய்த் துப்புவது?

வெளியே வரும்போது அவள் இன்னொரு படத்தைக் காட்டினாள். உயிரோடு இருந்தால் பச்சையாக மின்னும், செத்தால் சிவப்பாக மின்னும் என்றாள். அந்தப் படம் முழுக்கச் சிவப்பு. கால்களை எல்லாம் இழுத்துக்கொண்டு சுருங்கிக் கிடந்தன. "இதுவும் அதே கார்பன்தான் ஆன்ட்டி. ஆனா ரொம்பப் பொடி, அளவும் ஜாஸ்தி, கழுவினதும் சரியில்ல. இதக் கண்டுபிடிச்சது உங்க பையன்தான்." நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தோசைக்கரண்டியோடு நின்று கேட்ட அன்றைக்கு, உன் கையில் இருந்தது பச்சையா சிவப்பா என்று உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உன் அத்தைகளுக்கும் தெரியாது. நம் வீட்டில் அன்றைக்கு அதைத் தெரியாது என்று சொன்னவன் நீ ஒருத்தன்தான். பெற்றவள் அழுது கேட்கும்போது அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பின்னால் பச்சை வந்துவிட்டது என்பதால் நீ அன்றைக்குச் சொன்னது தப்பாகிவிடாது. பச்சை வந்ததே நீ அன்றைக்குப் பொறுத்ததால்தான் எங்களுக்குத் தெரியும். இதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகு. என்னிடம் நடந்து வந்து என் காலைப் பார்த்துக்கொண்டே சொல்.

குழுவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இனி இவனை யாராவது "ஒரு மருந்து கொண்டாரல" என்று சொன்னால் என் வாய்க்கு வேலை கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பெரிய நாத்தனாருக்கு நன்றாகவே தெரியும். நாளைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது இதயத்திலோ நரம்பிலோ ஏதோ ஒன்றை வைக்கிறேன் என்று டாக்டர் சொன்னால், அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு டாக்டர் தைரியமாகப் பதில் சொல்கிறார் என்றால், எங்கேயோ ஒரு பிள்ளை அதை முன்னாலேயே ஐந்து கேள்வியாகக் கேட்டு, நம்பாமல் மறுபடி கேட்டு, பெற்றவளிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

கடைசியாக, உன் ஐந்து கேள்வியை நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். எது? இடது கால் கட்டை விரல். எவ்வளவு? முழுசாக. எப்படிக் கழுவியது? ஆஸ்பத்திரியில் நல்லபடியாக, நீ பக்கத்தில் நிற்க. எந்தச் செல்? உன் அம்மா. எத்தனை நாள்? ஒரு வருஷத்துக்கு மேல். இந்த ஒரு வருஷத்தில் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்திருக்கிறேன். உங்கப்பாவோடு திருவான்மியூர் கடற்கரைக்குப் போய், மணலில் அவரைவிட முன்னால் நடந்திருக்கிறேன். மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறேன். முதலில் கொஞ்சம் சாய்ந்தேன், இப்போது சாய்வதில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்து, சோதித்து, தெரிந்து சொல்கிறேன்: அந்த விரல் போனது என்னை ஒண்ணும் பண்ணவில்லை. நீ அதற்காக எதையும் விட வேண்டாம். அந்த ஊருக்கு இன்றைக்கே பதில் போடு, வருகிறேன் என்று.

நீ அவ்வளவு தூரம் போய்விட்டால் இந்த வீடு என்னை என்ன பண்ணும் என்று கேட்காதே. அதற்கும் ஒண்ணும் பண்ணாது என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கிறது. ஆனால் தெரியாது நைனா. நிஜமாகவே தெரியாது. போய் வா, பார்க்கலாம்.

அம்மா